மதிகேடன் எனப்பட்ட மன்னனும் மண்ணுக்குள் கிடந்த காசும்

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது பூதம். அரசமரத்தடியிலோ பாழடைந்த கோயிலின் மூலத்தானத்திலோ ஏழு கிடாரம் பொன் கிடக்கும். அதைப் பூதம் காக்கும். பலி கொடுத்தால்தான் கிடாரம் மேலே வரும். இப்படி ஒரு கதை இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. கதையாக மட்டும் நின்றிருந்தால் பாதகமில்லை. நள்ளிரவில் அலவாங்கும் மண்வெட்டியுமாகப் போய்ப் பழைய தாதுகோபங்களையும் கோயில் அத்திவாரங்களையும் கிண்டிப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகளை நாம் இன்றும் பத்திரிகைகளில் வாசிக்கிறோம். அண்மைக் காலத்தில் மந்திரவாதியோடு ஒரு கருவியும் கூடப் போகிறது. அதுதான் உலோகங்காண் கருவி.

இதே கருவியை இங்கிலாந்திலே பல்லாயிரம் பேர் பட்டப்பகலில், காணிக்காரரின் அனுமதியோடு, பொழுதுபோக்காகத் தூக்கித் திரிகிறார்கள். நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு குளக்கட்டுக்குப் போகிறவர்களைப் போல அவர்கள் கமக்காரரின் வயல்களுக்குப் போகிறார்கள். அறுவடை முடிந்து, உழுது போட்ட நிலத்தில், காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, நீண்ட கைபிடியின் நுனியிலுள்ள வட்டத் தட்டை நிலத்துக்கு மேலே அரிவாள் வீசுவதுபோல இடமும் வலமும் வீசியபடி நடக்கிறார்கள். ஓய்வு பெற்ற தபாற்காரர், தச்சர், தாதி, பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாத் தரத்தாரும் இதில் உண்டு. இன்றைய உரையில் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றையும், அது வரலாற்றுக்குச் செய்த நன்மை தீமைகளையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஏட்டில் எழுதியிருப்பது ஒன்று, மண்ணில் கிடப்பது வேறொன்று என்ற நிலை வரும்போது எதை நம்புவது என்பது இலக்கியம் படிப்பவனுக்கும் உரிய கேள்விதான்.

கருவியின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1881 யூலை 2ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே தங்கிவிட்டது என்பது வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் மின்கம்பிச் சுருள்களைக் கொண்ட ஒரு கருவியோடு வெள்ளை மாளிகைக்கு வந்தார். உலோகம் அண்மையில் இருந்தால் செவியில் வைத்த குழாயில் ஒலி கேட்கும். ஆனால் குண்டு அகப்படவில்லை. கட்டிலின் இரும்பு வில்கள் கருவியைக் குழப்பின என்பர். தலைமை வைத்தியர் குண்டு வலப்புறம் இருப்பதாக உறுதியாக நம்பி அந்தப் பக்கத்தையே தேடவைத்தார் என்பதும் பதிவாகியுள்ளது. செப்டெம்பர் 19ஆந் திகதி ஜனாதிபதி இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்புறத்தில் இருந்தது. கருவி சரியாக இருந்தும் தேடும் இடத்தை வேறொருவர் தீர்மானித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பின்னர் கலிபோர்னியாவில் குடியேறியிருந்த ஜேர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் ஃபிஷர் 1937இல் இத்தகைய கருவியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். எனினும் கருவி பல்கிப் பெருகக் காரணம் யுத்தந்தான். 1941ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையைச் சேர்ந்த ஜோசப் கொசாட்ஸ்கி என்ற லெப்டினன்ட் கண்ணிவெடியைக் கண்டறியும் கருவியொன்றை வடிவமைத்தார். 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்துக்கு அவற்றில் 500 அனுப்பப்பட்டன. பாலைவன மணலில் புதைத்திருந்த கண்ணிவெடிகளுக்கிடையே படைகள் வழி கண்டது அவற்றின் துணையால். கொசாட்ஸ்கி அதற்குப் பணம் பெறவில்லை. ஆங்கில அரசரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் மட்டும் வந்தது. அவருடைய குடும்பம் ஜேர்மனியர் வசப்பட்ட போலந்தில் இருந்ததால் அவர் பெயரும் அப்போது மறைத்தே வைக்கப்பட்டது.

யுத்தம் முடிந்ததும் படையினர் கழித்த கருவிகள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. கண்ணிவெடி தேடிய கருவியால் காசு தேடத் தொடங்கினர் சிலர். நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. வடக்கிலும் கிழக்கிலும் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009இன் பின்னரும், முகக்கவசம் அணிந்து முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தைச் சோதித்த கண்ணிவெடி அகற்றும் பணியாளரின் கையில்தான் நம்மிற் பெரும்பாலோர் இக்கருவியை முதன்முதலில் கண்டோம். அவர்களுள் பெண்கள் கணிசமானோர். அந்த ஒலி கேட்டால் அவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். ஆங்கிலேயப் பொழுதுபோக்காளர் அதே ஒலியைக் கேட்டு மகிழ்ந்து குனிகிறார். கருவி ஒன்றுதான்.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தட்டிலுள்ள கம்பிச்சுருளில் மாறோட்ட மின் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் நிலத்துள் இறங்கி, அங்கே ஓர் உலோகத் துண்டு இருந்தால் அதில் சிறு மின்சுழிகளை உண்டாக்குகிறது. அச்சுழிகள் எழுப்பும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. ஒரு தனிக்காசென்றால் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழத்துக்குக் குறைவான ஆழம் வரைதான் தெரியும். அதனால் இந்தத் தேட்டமெல்லாம் உழவு இயந்திரம் புரட்டிப்போட்ட மேல்மண்ணிலேயே நடக்கிறது. இதைப் பொழுதுபோக்காளர் தமக்குச் சாதகமான ஒரு வாதமாக முன்வைப்பதுண்டு. கலப்பை ஆண்டுதோறும் அடிமண்ணைக் கிளறிப் பழம்பொருளை மேலே கொண்டுவந்து நொறுக்குகிறது. செயற்கைப் பசளை உலோகத்தை அரிக்கிறது. நாங்கள் எடுக்காவிட்டால் அது எவருக்கும் இல்லாமற் போகும் என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை உண்டு.

நாள் முழுதும் நடந்தாலும் அகப்படுவது பெரும்பாலும் குப்பைதான். சோடாத் தகரத்தின் இழுவளையம், துப்பாக்கி ரவை, சட்டைத் தெறி, குதிரை லாடத்தின் ஆணி. அவற்றுக்கிடையே எப்போதாவது ஒரு காசு, அல்லது காசு போன்ற ஒரு வில்லை. இந்த வில்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் சில்லறைக்குப் பெருந்தட்டுப்பாடு. அரசோ உள்நாட்டுப் போரில் அல்லற்பட்டுக்கொண்டிருந்தது. பாண் வாங்கவும் பியர் குடிக்கவும் சில்லறை இல்லையென்றால் ஊர் நடவாது. ஆகவே 1648 தொடக்கம் கடைக்காரர்கள் தாமே செப்பிலும் பித்தளையிலும் சிறு வில்லைகளை அடித்து வெளியிட்டனர். அதில் கடைக்காரர் பெயர், ஊர்ப்பெயர், எழுத்தறியாதார்க்கும் விளங்கத்தக்கதாய்த் தொழிலைக் காட்டும் ஒரு சித்திரம். மெழுகுதிரி செய்பவருக்கு மெழுகுதிரி, பாண் சுடுபவருக்குத் தராசு, இப்படி. பின்புறத்தில் பெரும்பாலும் மூன்றெழுத்துகள் முக்கோணமாக நிற்கும். மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே ஒருபுறம் கணவன் பெயரின் முதலெழுத்து, மறுபுறம் மனைவி பெயரின் முதலெழுத்து. அரசர்களின் காசில் அரசியரைக் காண்பது அரிதாயிருந்த காலத்தில், ஒரு பாண்கடைக்காரரின் காசில் அவர் மனைவிக்குச் சரிபாதி இடம் கிடைத்திருக்கிறது! 1672இல் இரண்டாம் சார்ள்ஸ் செப்புக் காசுகளை அடித்து வெளியிட்டு இவ்வில்லைகளைத் தடைசெய்தார். மண்ணுக்குள் போனவை மட்டும் எஞ்சின. ஒரு வில்லை எந்த வயலில் விழுந்தது என்பதை நூற்றுக்கணக்கிற் குறித்துவைத்தால், அக்காலத்து மனிதர் எவ்வூர்ச் சந்தைக்குப் போய் எவ்வூருக்குத் திரும்பினர் என்பதை ஒரு வரைபடமாகவே கீறிவிடலாம். எழுத்தில் தம்மைப் பற்றி ஒரு வரியும் விட்டுப்போகாத மனிதர்கள் அவர்கள்.

இலங்கையிலும் இத்தகைய வில்லைகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டிலே, கோப்பி செழித்த காலத்தில், கொழும்பில் கோப்பி பதனிட்ட ஆங்கிலக் கம்பனிகள் தம் ஆலைகளில் வேலைசெய்தோருக்குக் கொடுக்கவென உலோக வில்லைகளை அடித்தன. ஜோர்ஜ் ஸ்ரூவாட் கம்பனி வேகந்த ஆலையின் பெயரால் 1843ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட வில்லை நாணயவியலார் நன்கறிந்தது. கோப்பியைப் பூஞ்சண நோய் கொண்டுபோயிற்று. ஆலைகளும் போயின. அந்தக் கைகளின் கூலிக் கணக்குக்குச் சான்றாக இன்று அந்த வில்லைகள் நிற்கின்றன.

இனிப் புதையலுக்கு வருவோம். 1992 நவெம்பர் 16ஆந் திகதி, கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஹொக்ஸன் என்ற கிராமத்தில் ஒரு கமக்காரர் தமது சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தரும்படி உலோகங்காண் கருவி வைத்திருந்த நண்பர் ஒருவரைக் கேட்டார். நண்பர் தேடியபோது சுத்தியலுக்கு முன் வெள்ளிக் காசுகளும் பொற்காசுகளும் கரண்டிகளும் வந்தன. இரண்டு பை நிரம்பியதும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர் வந்து எஞ்சியதை மண்ணோடு மண்ணாக, கிடந்த கிடைப்படியே எடுத்தனர். ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள், அவற்றுள் 500க்கு மேற்பட்டவை பொன், 29 பொன்னாபரணங்கள், பல பத்து வெள்ளிக் கரண்டிகள். எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் துணி, வைக்கோல் இட்டு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தவை. ரோமரின் ஆட்சி பிரித்தானியாவை விட்டு அகன்ற கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திரும்பி வருவோம் என்று நம்பி யாரோ ஒரு செல்வக் குடும்பத்தினர் புதைத்தது அது. ஒரு பொற்காப்பில் யூலியானா என்ற பெண்ணை விளித்து, இதை இன்புற்று அணிக என்று வாழ்த்துப் பொறித்திருக்கிறது. அப்பெண் திரும்பி வரவேயில்லை.

கண்டெடுத்தவருக்கு அரசு வழங்கிய வெகுமதி 17.5 இலட்சம் பவுண். அவர் அதைக் கமக்காரரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலை புதையலோடு சேர்த்து அந்தச் சுத்தியலையும் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது.

இப்புதையலில் நம்மைத் தொடும் பொருள் ஒன்றுண்டு. வெள்ளியாலான நான்கு மிளகுச் சாடிகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று அலங்கரித்த சிகையுடைய ஒரு சீமாட்டியின் உருவம். அடியிலுள்ள தகட்டைத் திருப்பினால் துவாரம் திறந்து மிளகுத்தூள் உதிரும். மிளகு இங்கிலாந்தில் விளைவதன்று. சேரநாட்டு மலைச்சாரலில் விளைந்து, மேலைக் கடல் கடந்து, எகிப்து வழியாக ரோமருக்குச் சென்ற பண்டம் அது. யவனரின் மரக்கலம் பொன்னைக் கொண்டுவந்து மிளகோடு திரும்பியதை முசிறியைப் பற்றிப் பேசும் 149ஆம் அகநானூற்றுப் பாட்டு சொல்லும். அந்தப் பாட்டை வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் மிளகு போய்ச் சேர்ந்த அந்தம் எங்கே என்று மாணவர் கேட்பதில்லை. சஃபோக்கிலே ஒரு வயலில் அந்த அந்தம் புதைந்து கிடந்தது. இன்னொன்று: ஹொக்ஸன் காசுகளில் காணப்படும் ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகிய பேரரசர்களின் சிறிய செப்புக்காசுகள் நம் தீவிலும் கிடைத்துள்ளன. 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் அகப்பட்டவை.

ஹொக்ஸன் கண்ட நல்லூழ் எல்லா இடத்துக்கும் வாய்க்கவில்லை. சரே மாவட்டத்தில் வொன்பரோ என்ற இடத்தில் ரோமர் காலக் கோயிலொன்று மண்ணுள் இருந்தது. 1980களின் நடுவில் அங்கு கிடைத்த காசுகள் பற்றிய விசாரணையின்போது இடத்தின் பெயர் வெளியாகிவிட்டது. இரவு இரவாக வந்தார்கள். இத்தகையோருக்கு ஆங்கிலத்தில் இரவுப் பருந்துகள் என்று பட்டப்பெயர். கோயில் நிலம் குழிகுழியாகக் கிண்டப்பட்டு, ரோமருக்கு முந்திய பிரித்தானியக் குறுநில மன்னரின் காசுகள் ஆயிரக்கணக்கில் சந்தைக்குப் போய்விட்டன. குற்றவாளிகளைத் தண்டிக்கவும் அன்றைய சட்டத்தால் இயலவில்லை. காரணம் விசித்திரமானது. பழைய ஆங்கிலச் சட்டப்படி, மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு புதைத்த பொன்னும் வெள்ளியும் மட்டுமே முடிக்குரிய புதையல். தற்செயலாகத் தொலைத்ததும், பிணத்தோடு புதைத்ததும், கடவுளுக்குக் காணிக்கையாக இட்டதும் புதையல் ஆகா. 1500 ஆண்டுக்கு முன் இறந்தவனின் உள்ளத்தில் என்ன எண்ணம் இருந்தது என்று இன்று நீதிமன்றம் ஆராய வேண்டும்! 1939இல் சட்டன் ஹூவில் மரக்கலத்தோடு புதைத்த ஓர் ஆங்கில மன்னனின் செல்வம் கிடைத்தபோதும் இந்த விதியின்படிதான் அது காணிக்காரியான ஈடித் பிரெட்டி அம்மையாருக்கு உரியதென்று தீர்ப்பாயிற்று. அவர் பெருமனத்தோடு அதை நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். எல்லாரும் அவரைப் போல இருப்பாரா?

வொன்பரோவின் கொள்ளை எழுப்பிய குரல்தான் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டமாக முடிந்தது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. புதைத்தவனின் எண்ணத்தை இனி ஆராய வேண்டியதில்லை. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளில் பத்திலொரு பங்கு பொன்னோ வெள்ளியோ இருந்தால், அல்லது அத்தகைய இரு காசுகள் ஒன்றாகக் கிடைத்தால், 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் இடம் மரண விசாரணை அதிகாரி. செத்தவரையும் புதைந்ததையும் ஒருவரே விசாரிப்பது அந்நாட்டின் பழைய மரபு. நூதனசாலை பொருளை வாங்க விரும்பினால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். அதில் கண்டவருக்குப் பாதி, காணிக்காரருக்குப் பாதி என்பது வழக்கம். 2023இல் வேறு உலோகப் பொருள்களும், 200 ஆண்டுக்கு மேற்பட்டு வரலாற்றுச் சிறப்புடையனவாயின், சட்டத்துள் அடங்கின. இவற்றுக்குப் புறம்பான சிறு பொருள்களை, அந்தத் தெறிகளையும் வில்லைகளையும், தாமாக விரும்பிக் காட்டுவோரிடம் வாங்கிப் பதிந்து திருப்பிக் கொடுக்கும் திட்டமொன்றும் 1997இல் தொடங்கியது. அதில் இதுவரை பதிவானவை 15 இலட்சத்துக்கு மேல். மிகப் பெரும்பாலானவை பொழுதுபோக்காளர் கொண்டுவந்தவை.

இடத்தைக் குறித்துவைப்பதால் என்ன இலாபம் என்பதற்கு 2010 ஏப்ரலில் சொமர்செற் மாவட்டத்து ஃப்ரூம் நகருக்கருகே கிடைத்த பானையைச் சொல்வேன். ஒரு பொழுதுபோக்காளர் கருவி ஒலித்த இடத்தைத் தோண்டினார். பானையின் வாய் தெரிந்தது, உள்ளே காசு. கையை விட்டு அள்ள யாருக்கும் ஆசை வரும். அவரோ மண்ணை மூடிவிட்டுத் தொல்லியலாளரை அழைத்தார். அவர்கள் பானையை அடுக்கடுக்காக, எந்த அடுக்கில் எக்காசு என்று பிரித்தே எடுத்தனர். மொத்தம் 52,503 காசுகள். நிறை 160 கிலோ. ரோமிலிருந்து பிரிந்து பிரித்தானியாவைத் தனியே ஆண்ட கரோசியஸ் என்பவனின் காசுகளே அவற்றுட் பிந்தியவை. உண்டியல் போலச் சிறிது சிறிதாகச் சேர்த்த பணமென்றால் பிந்திய காசு மேலே இருக்க வேண்டும். இங்கே அவற்றுட் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் இருந்தது. அப்படியானால் ஒரே நாளில், பானையை முதலில் நிலத்துள் இறக்கிவைத்துப் பின் பலர் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். நிறைந்த பிறகு தூக்கினால் பானை உடைந்திருக்கும். ஆகவே இது ஒளித்த பணமன்று, ஓர் ஊரே கூடித் தெய்வத்துக்கு இட்ட காணிக்கையாகலாம் என்று நாணயவியல் அறிஞர் ரொஜர் பிளாண்ட் கருதினார். கையால் அள்ளியிருந்தால் 52,503 காசும் இருந்திருக்கும். இந்தச் செய்தி இருந்திராது.

இனித் தலைப்பில் சொன்ன மதிகேடனுக்கு வருகிறேன்.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஒரு நாடன்று. தெற்கில் வெசெக்ஸ், நடுவில் மேர்சியா என்று பல அரசுகள். வடக்கே டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங் படைகள் ஒவ்வோர் அரசாக விழுங்கிக்கொண்டிருந்தன. வெசெக்ஸ் மன்னன் அல்ஃபிரட் 878இல் எடிங்டன் போரில் அவர்களை வென்றான். ஆங்கிலேய வரலாற்றில் மகா என்னும் அடைமொழி பெற்ற மன்னன் அவன். அவனுடைய ஆட்சியின்போது, அவன் நாட்டிலே தொகுக்கப்பட்டது ஆங்கிலோ-சக்சன் நிகழ்ச்சிக் குறிப்பு என்னும் ஆண்டு வரலாறு. அதிலே 874இல் மேர்சியாவுக்கு அரசனான இரண்டாம் கெயல்வுல்ஃப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. வைக்கிங்குகள் ஒரு மதிகெட்ட அரச ஊழியனிடம் நாட்டை ஒப்படைத்தார்கள், அவனும் அவர்கள் கேட்டபோது திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்தான் என்பது அதன் கருத்து. அவ்வளவுதான். ஏறத்தாழ 879இல் அவன் மறைந்துவிடுகிறான். ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அவன் பொம்மை அரசன், மூடன். அவன் பக்கத்திலிருந்து எழுதியவர் எவரும் எஞ்சவில்லை.

2015 ஒக்டோபரில் ஒக்ஸ்போட் மாவட்டத்தில் வொட்லிங்டன் என்ற ஊருக்கருகே ஒரு பொழுதுபோக்காளரின் கருவி ஒலித்தது. அவர் கண்டதை அறிவித்தார். மண்கட்டியோடு வெட்டியெடுத்து ஆய்வுகூடத்தில் பிரித்தபோது ஏறத்தாழ 200 வெள்ளிக் காசுகள் வந்தன. அவற்றிலே பல அல்ஃபிரட்டின் பெயராலும், பல அந்த மூடனின் பெயராலும் அடிக்கப்பட்டவை. இரண்டிலும் சித்திரம் ஒன்று. அவற்றுட் சிலவற்றில் ரோமப் பொற்காசொன்றைப் பார்த்து வரைந்த உருவம்: இரு பேரரசர் அருகருகே அமர்ந்திருக்க, மேலே சிறகு விரித்த வெற்றித் தேவதை. அதற்கு முன் இவ்வகைக் காசு மிகச் சிலவே அறியப்பட்டிருந்தன. இப்போது எண்ணிக்கை கிடைத்தபோது, இது எப்போதோ ஒருமுறை நடந்த தற்செயல் அன்று, இரு மன்னரும் ஆண்டுக்கணக்கில் ஒத்த தரத்தில் ஒத்த சித்திரத்தில் நாணயம் வெளியிட்ட கூட்டாளிகள் என்பது தெளிவாயிற்று. அல்ஃபிரட் தன் கூட்டாளி மறைந்த பின்னர் அவன் நாட்டையும் தன் மேலாண்மைக்குள் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு எழுதிய ஏட்டில் கூட்டாளி மூடனானான். ஏட்டை எழுதியவன் பொய் சொன்னானா, தன் தலைவனுக்கு வேண்டியதை மட்டும் சொன்னானா என்பதை அறிஞர் விவாதிக்கட்டும். மெய்க்கீர்த்திகளையும் பரணிகளையும் படித்த நமக்கு இதில் வியப்பு அதிகம் இராது. வொட்லிங்டன் காசுகளை ஒக்ஸ்போட் அஷ்மோலியன் நூதனசாலை 2017இல் 13.5 இலட்சம் பவுணுக்கு வாங்கியது.

அதே 2015ஆம் ஆண்டு, யூன் மாதம், ஹெரபோட் மாவட்டத்தில் வேறு இருவர் வேறொரு வயலில் கருவி பிடித்துச் சென்றனர். அவர்களுக்குக் கிடைத்ததும் ஒரு வைக்கிங் புதையல். பொன் மோதிரம், மிருகத்தலை முனையுடைய பொற்காப்பு, பளிங்குப் பதக்கம், வெள்ளிக் கட்டி, காசு. அந்தக் காசுகளிலும் இரு பேரரசர் அமர்ந்திருந்தனர். அவர்கள் அறிவிக்கவில்லை, வியாபாரிகளிடம் சிறிது சிறிதாக விற்கத் தொடங்கினர். காசு வியாபாரிகளிடையே வதந்தி எழுந்து, பொலிஸார் விசாரித்து, கைத்தொலைபேசியில் அழித்திருந்த படங்களை மீட்டெடுத்தபோதுதான் புதையலின் அளவு தெரிந்தது. 300 காசுகள் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டனர். கைப்பற்றியவை 31. 2019 நவெம்பரில் ஒருவருக்குப் பத்தாண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தது. முறையாக அறிவித்திருந்தால் அவர்களும் காணிக்காரரும் பெருஞ்செல்வர்களாகியிருப்பார்கள். 2023இல் இங்கிலாந்தின் வடபகுதியில், அதே வகைக் காசுகள் 44ஐ விற்க முயன்ற வேறு இருவர் தண்டிக்கப்பட்டனர். அவையும் இதே புதையலைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகிறது. மற்றவை பெட்டகங்களிலும் இரகசியச் சேகரிப்புகளிலும் கிடக்கக்கூடும். அந்த வெறுங்காசுகளின் விலை குறையாது. ஆனால் எந்த அரசனின் காசு எத்தனை, எது மேலே எது கீழே, எந்த வயலின் எந்த மூலை என்பவை போயேவிட்டன. மதிகேடன் என்று ஏடு சொன்னவனுக்காகச் சாட்சி சொல்ல இருந்த முந்நூறு பேரில் பெரும்பாலோர் வாய் கட்டப்பட்டார்கள்.

இனி நம் நாடு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் யாவும் அரசுக்கே உரியவை. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இயற்றிய சட்டம் இது. சட்டம் கடுமையாயிருப்பதை நான் குறைகூற மாட்டேன். நம் தாதுகோபங்களையும் கோயில்களையும் நினைத்தால் அது வேண்டியதே. பொழுதுபோக்கு என்ற பெயரில் இக்கருவியை இங்கே எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும் என்று வாதாடவும் நான் வரவில்லை. ஆனால் கருவியே இல்லாமல் கிடைக்கும் காசுகள் இருக்கின்றனவே, அவை என்ன ஆகின்றன? கிணறு வெட்டும்போதும், தோட்டம் கொத்தும்போதும், மாரிமழை மண்ணை அரித்தபின் வெள்ளவாய்க்காலிலும் அவை கிடைக்கின்றன. சேது என்று தமிழெழுத்துப் பொறித்து, நந்தி படுத்திருக்கும் யாழ்ப்பாண மன்னரின் காசுகளை வகைப்படுத்தி எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய தம் பெருநூலில் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே போல் ஈ. பீரிஸ் கந்தரோடையில் கிடைத்த பழங்காசுகளைத் திரட்டி ஆராய்ந்திருந்தார். நம் காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்றோர் வடபுலத்து நாணயங்களைத் தேடித் தேடிப் பதிந்துள்ளனர். யாழ்ப்பாண அரசைப் பற்றி நம்மிடமுள்ள ஏடுகளோ பிற்காலத்தவை, ஒன்றோடொன்று முரண்படுபவை. கைலாயமாலையையும் வையாபாடலையும் படிப்பிக்கும் எனக்கு அது தெரியும். எந்த மன்னன் எங்கு வரை ஆண்டான், எவரோடு வாணிபம் செய்தான் என்பதற்கு அந்தச் சிறு செப்புக்காசு கிடைத்த இடந்தான் பக்கச்சார்பில்லாத சாட்சி.

உயர்தர வகுப்பில் வரலாறு பற்றிய பேச்சு வந்தால், மறுநாள் இரண்டொரு மாணவர் வீட்டிலிருந்து பழங்காசு கொண்டுவருவார்கள். டச்சுக்காரரின் ஈயச்செப்பு நிறக் காசு, சிலவேளை ஒரு சேதுக்காசு. எங்கே எடுத்தது என்று கேட்டால், அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் கிடந்தது என்பார்கள். அம்மம்மாவுக்கு யார் கொடுத்தது? தெரியாது. ஒரு பிள்ளை மட்டும் ஒருமுறை, காசைச் சுற்றிய கொப்பித்தாளோடு கொண்டுவந்தாள். தாளில் அவளுடைய பாட்டனார் பென்சிலால் எழுதியிருந்தார்: கிணற்றின் வடக்குப் பக்கம், பனையிலிருந்து பதினொரு பாகம், மூன்று முழ ஆழம், சாம்பல் மண், கூடக் கிடந்தவை ஓட்டுத் துண்டுகள். ஆண்டும் மாதமும் இருந்தன. காசு மிகவும் தேய்ந்தது. நந்தி இருக்குமிடம் தடவினால்தான் தெரியும். அந்தத் தாளையும் காசையும் பிரிக்காமல் தொல்லியல் திணைக்களத்தாரிடம் காட்டும்படி அவளுடைய தந்தையாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.